வாக்கியம் முடிகிற வரைக்கும்

மின்சாரம் போனபோது கிளி ஒரு சொல்லின் முதல் எழுத்தில் இருந்தாள். திரை கறுத்தது. மேலே மின்விசிறி மனமில்லாமல் வேகத்தை விட்டது. பக்கத்து அறையில் மாமனாரின் டிவி போட்டுக்கொண்டிருந்த கூச்சல் சட்டென்று நின்றது. ஹெட்போனுக்குள் இருந்த தொலைதூர மருத்துவமனை அறையும், அங்கே நாற்காலி நகர்ந்த ஓசையும், ஒரு தாய் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்ததும் துடைத்துப் போட்டாற்போல் மறைந்தன. வாய்க்கு மட்டும் சேதி எட்டவில்லை. அது பழக்கத்தில் சொல்லை முடித்தது. "...ராது" என்றாள், யாருமில்லாத அறையைப் பார்த்து.

கிளி என்பது கணவன் வைத்த பெயர். அவளுடைய வேலை அப்படி. பாஷை தெரியாத ஊரில் மருத்துவரிடம் போகிறவர்களுக்கு அவள் வீட்டிலிருந்தபடியே வாயாக இருந்தாள். மருத்துவர் அவருடைய மொழியில் சொல்வதைக் கேட்டுத் தமிழில் சொல்வாள். நோயாளி தமிழில் சொல்வதை மருத்துவருக்குத் திருப்பிச் சொல்வாள். சொன்னதைச் சொல்ல வேண்டும். கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது. நோயாளி "எனக்கு வயிறு வலிக்குது" என்றால் அவளும் "எனக்கு வயிறு வலிக்கிறது" என்றுதான் சொல்ல வேண்டும். நாள் முழுக்க இப்படி அடுத்தவர்களின் வலிகளைத் தன் வலியாகச் சொல்லிவிட்டு, கதவைத் திறந்துகொண்டு வந்து உலை வைப்பாள். "என்ன கிளி, இன்னிக்கு எத்தனை வியாதி உனக்கு?" என்பான் கணவன். அவள் சிரிப்பாள், பதில் சொல்ல மாட்டாள். உள்ளே கேட்டதை வெளியே பேசக் கூடாது என்பது வேலையில் சேரும்போதே கொடுத்த வாக்கு. யார், எந்த ஊர், என்ன நோய், எதுவும் கூடாது. அவளுக்கே நோயாளிகளின் பெயர் தெரியாது.

அன்று பேசிக்கொண்டிருந்த தாயின் பெயரும் தெரியாது. பள்ளிக்கூடம் போகிற வயதில் ஒரு மகள். விளையாட்டில் கத்தரிக்கோல் இடது கண்ணில் பட்டு, அறுவை சிகிச்சை முடிந்து, கட்டுப் பிரித்து, சோதனையெல்லாம் பார்த்தாகிவிட்டது. மருத்துவர் ஒரு பெண். தணிந்த குரல். இடது கண்ணில் பார்வை திரும்பாது என்று அவருடைய மொழியில் சொல்லிவிட்டார். அந்த மொழியில் 'இல்லை' வாக்கியத்தின் நடுவிலேயே வந்துவிடும். தமிழில் அது கடைசியில்தான் வரும். கிளி நிதானமாகத்தான் தொடங்கினாள். "உங்க பொண்ணோட இடது கண்ணுல பார்வை திரும்பி வ..."

அங்கே நின்றுவிட்டது. வருவதற்கும் வராததற்கும் முதல் எழுத்து ஒன்றுதான்.

கைபேசியை எடுத்து டீச்சரைக் கூப்பிட்டாள். டீச்சர் என்பது மேற்பார்வை பார்க்கும் அம்மாள். எல்லோருக்கும் பயிற்சி கொடுத்தவர் என்பதால் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

"டீச்சர், கரண்ட் போயிடுச்சு. லைன் நடுவுல அறுந்துடுச்சு. யாராவது எடுத்தாங்களா?"

தட்டச்சுச் சத்தம் கேட்டது. "ஆஸ்பத்திரில முடிஞ்சுதுன்னு க்ளோஸ் பண்ணிட்டாங்களேம்மா. வேற ஆள் கேக்கல."

"முடியல டீச்சர். ஒரு வார்த்தை பாக்கி."

"அவங்களே முடிஞ்சுதுன்னு சொல்றப்போ நாம என்ன பண்றது? நீ மறுபடி கூப்பிட முடியாது, உனக்கே தெரியும்." மறுபடி எதையோ தட்டிப் பார்த்துவிட்டு, "போன மாசமும் ரெண்டு தடவ உன் லைன் இப்படித்தான் போச்சு. பேட்டரி வெச்சு ஏதாவது ஏற்பாடு பண்ணு. அது வரைக்கும் நேரடி அழைப்பு உனக்குக் குடுக்க மாட்டேன். திட்றேன்னு நினைக்காத" என்றார்.

அவள் திட்டு வாங்கியதைப் பற்றி நினைக்கவேயில்லை. முடிந்தது என்று எப்படிச் சொன்னார்கள் என்பதுதான் புரியவில்லை. அந்த 'வ' வரைக்கும் கேட்டுவிட்டு அந்தத் தாய் என்ன செய்திருப்பாள்? எழுந்து போயிருப்பாளா? அன்று சாம்பாரில் உப்பு இரண்டு தரம் விழுந்தது. கணவன் ஒரு வாய் வைத்துவிட்டுத் தண்ணீர்ச் செம்பைப் பார்த்தான்.

"ஒரு கால் கட்டானதுக்கா மூஞ்சி இப்படி இருக்கு? என்னதான் பேசிட்டிருந்தீங்க?"

"அதச் சொல்லக் கூடாது."

"எங்கிட்ட கூடவா?"

"யார்கிட்டயும்."

அவன் லிஃப்ட் பழுது பார்க்கிறவன். அவன் வேலையில் ஒளிவுமறைவு ஏதுமில்லை. எந்தக் கட்டடத்தில் யார் மாட்டிக்கொண்டார்கள், வெளியே வந்ததும் யார் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள் என்று அத்தனையும் சாப்பாட்டோடு சேர்த்துப் பரிமாறுவான். மனைவியின் நெஞ்சில் இப்படிப் பூட்டிய அறைகள் இருப்பது அவனுக்குக் கல்யாணமான நாளிலிருந்தே ஒரு சின்னக் குறை. அன்று அது கொஞ்சம் பெரிதாகவே தெரிந்தது. ஆனாலும், "சரி, நாளைக்கு லீவு போடறேன். போய் ஒரு யூ.பி.எஸ். பாத்துட்டு வரலாம்" என்றான்.

கடை சின்னது. தரையிலிருந்து கூரை வரைக்கும் அட்டைப்பெட்டிகள். கடைக்காரர் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, அதையே மேசையில் தேடிக்கொண்டிருந்தார். கணவன் தன் நெற்றியைத் தொட்டுக் காட்டினான். "அட, ஆமா" என்று இறக்கிக்கொண்டு, "சொல்லுங்கம்மா, கரண்ட் போனா வீட்ல எதெல்லாம் ஓடணும்?" என்றார்.

"கம்ப்யூட்டர். நெட் வர்ற பெட்டி."

"அப்புறம் எங்கப்பாவோட டிவி" என்றான் கணவன்.

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"பாவம்டி, பகல் பூரா அவருக்கு வேற என்ன இருக்கு?"

கடைக்காரருக்கு டிவி பிடித்துப்போயிற்று. உள்ளேயிருந்து பெரிதாக ஒன்றைத் தூக்கி வந்து வைத்தார். அதன் கனத்தில் மேசை முனகியது. இன்வெர்ட்டரே போட்டுவிடலாமே என்று கணவன் கேட்டதற்கு, "அது விளக்குக்கும் ஃபேனுக்கும் சரி. மாறுறதுக்குள்ள ஒரு கண்ணிமைக்கிற நேரம் ஆகும். ஃபேனுக்குத் தெரியாது, கம்ப்யூட்டருக்குத் தெரிஞ்சுடும். அணைஞ்சு மறுபடி எழும்" என்றார். கண்ணிமைக்கிற நேரம் என்றதும் அவளுக்கு உள்ளே எதுவோ சுருக்கென்றது. அவர் பாட்டுக்குப் பெட்டியின் மேல் அச்சடித்திருந்த எண்களைக் காட்டிப் பேசிக்கொண்டே போனார். பெரிதாக எழுதியிருப்பதை நம்பாதீர்கள், பக்கத்தில் பொடியாக வாட் என்று இருப்பதைத்தான் பார்க்க வேண்டும்; உங்கள் சாமான்கள் இழுப்பதைக் கூட்டி, அதற்கு மேலே கொஞ்சம் இடம் விட்டு வாங்க வேண்டும்; பேட்டரி சாகிற பொருள், இரண்டு மூன்று வருஷத்தில் மாற்ற வேண்டியிருக்கும்.

"எவ்ளோ நேரம் தாங்கணும்? அதச் சொல்லுங்க, நான் இதுவா அதுவான்னு சொல்லிடறேன்."

"ஒரு வாக்கியம் முடிகிற வரைக்கும் தாங்கினா போதும்" என்றாள் அவள்.

கடைக்காரர் சிரித்தார். "யார் பேசற வாக்கியம்மா? எங்க வீட்ல பேசுனா விடிஞ்சுடும்."

கணவனும் சிரித்தான். அவள் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். சின்னப் பெட்டியைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, என்ன தோன்றியதோ, கடைக்காரரிடம் அவள் பக்கமாகவே பேசினான். "லிஃப்ட்லயும் இப்படி ஒன்னு வெப்போம். கரண்ட் போனா அது உச்சி மாடிக்கெல்லாம் கொண்டுபோகாது. பக்கத்துல எந்த மாடியோ அங்க நிறுத்திக் கதவத் திறந்துவிடும். ஆள் வெளிய வந்துட்டா அதோட வேலை முடிஞ்சுது. அவ கேக்கறது அதான்."

அவள் அவனைப் பார்த்தாள். ஒன்றும் தெரியாமலே இவன் இவ்வளவு தூரம் வந்துவிட்டானே என்று இருந்தது. அதற்கு மேல் கூட்டிக்கொண்டு போக அவளால் முடியவில்லை. கடைசியில் இரண்டுக்கும் நடுவில் ஒன்றை வாங்கினார்கள். யார் விட்டுக்கொடுத்தது என்று சொல்ல முடியாது.

வீட்டுக்கு வந்து மேசைக்கடியில் வைத்து, ஒயர்களைக் கணவனே செருகினான். சோதித்துப் பார்க்கலாம் என்று மெயின் சுவிட்சை இறக்கினான். மேசைக்கடியில் பெட்டி கீச் என்றது. கம்ப்யூட்டர் உயிரோடு இருந்தது. பக்கத்து அறையில் டிவியும் உயிரோடு இருந்தது. அதில் ஒருத்தி மாமியார் காலில் விழுந்து தேம்பிக்கொண்டிருந்தாள். மாமனாருக்குக் கரண்ட் போனதே தெரியவில்லை. நெட் பெட்டி மட்டும் ஒரு விளக்கும் எரியாமல் கட்டை மாதிரி கிடந்தது.

"அதெப்படி?" என்று கணவன் தலையை மேசைக்கடியில் நுழைத்தான். பெட்டியின் பின்னால் துளைகள் இரண்டு வரிசையாக இருந்தன. ஒரு வரிசைதான் பேட்டரியில் ஓடும். இன்னொரு வரிசை, மின்சாரம் எகிறினால் சாமான் கருகாமல் காக்கும், அவ்வளவுதான். நெட் பெட்டி அந்த வரிசையில் இருந்தது. டிவிக்காக இழுத்து வந்த நீள ஒயர் நல்ல வரிசையில் சௌகரியமாக உட்கார்ந்திருந்தது.

"பாத்துப் போடக் கூடாதா?" குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. "நான் இங்க தொண்டை கிழியக் கத்திட்டிருப்பேன், அங்க ஒருத்தருக்கும் கேக்காது. அந்த நாடகம் மட்டும் ஓடும். இதுக்கா வாங்கினோம்?"

குனிந்து டிவி ஒயரைப் பிடுங்கினாள். தேம்பல் பாதியில் அறுந்தது. மாமனார் கதவருகே வந்து நின்றார். காது மந்தமானவர்களுக்குச் சண்டை மட்டும் எப்படியோ தெரிந்துவிடுகிறது. "எனக்கு ஒன்னும் வேணாம்மா. நீ உன் வேலையப் பாரு" என்று போய்விட்டார். கணவன் நெட் பெட்டியின் ஒயரை வரிசை மாற்றிச் செருகி, கையைத் துடைத்துக்கொண்டே சொன்னான்: "உன் மனசுல என்னவோ இருக்கு. சொல்ல முடியலன்னா சொல்லாத. அப்பா மேல காட்டாத."

பேட்டரிப் பெட்டியைப் படம் எடுத்து டீச்சருக்கு அனுப்பினாள். மறுபடி நேரடி அழைப்புகள் வந்தன. முட்டிவலி, சர்க்கரை, பிரசவத் தேதி. வேலை பழையபடிதான் இருந்தது, அவள்தான் மாறியிருந்தாள். வாக்கியங்களை வேகமாகச் சொல்லத் தொடங்கியிருந்தாள். கடைசிச் சொல்லைத் தொடும்வரை உடம்பு விறைத்துக்கொண்டு இருக்கும். குளிக்கும்போதும் கீரை ஆயும்போதும் அந்த ஒரு வாக்கியத்தைப் பிரித்துப் பிரித்துக் கட்டிப் பார்த்தாள். 'இல்லை'யை எப்படி முன்னால் கொண்டுவருவது? 'இல்லம்மா, பார்வை...' என்று தொடங்கினால் மருத்துவர் சொல்லாத ஒரு சொல் சேர்ந்துவிடும். வினையை முதலில் போட்டால்? பேச்சில் போடுகிறோமே. 'வந்துட்டான் உங்க பையன்' என்கிறோமே. துக்கச் செய்தியை அப்படிச் சொன்னால் கல்லெறிவது போல இருக்காதா? இத்தனை நாள் அவள் தன் மொழியைக் குறை சொன்னதில்லை. கடைசிவரை நம்பிக்கையைக் கையில் பிடித்துக்கொண்டிருக்க விடுகிற மொழி என்று இப்போது தோன்றியது. அது கருணையா, கொடுமையா என்றுதான் தெரியவில்லை.

மழை விட்டு விட்டுப் பெய்த ஒரு பகலில், மணி அடித்து அழைப்பை எடுத்தவுடன், அந்தத் தணிந்த குரல் கேட்டது. கண் மருத்துவர். தமிழுக்கு ஆட்கள் கொஞ்சம் பேர்தான். ஒரே மருத்துவர் திரும்ப வருவது புதிதல்ல. ஆனால் அவள் கை மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டது.

மருத்துவர் கேட்டார்: பள்ளிக்கூடத்திலிருந்து எழுதியிருக்கிறார்கள், வகுப்பில் உங்கள் மகளுக்கு ஏற்ற இடமும் உதவிக்கு ஒரு ஆசிரியையும் தருவதாகச் சொன்னதற்கு வேண்டாம் என்றீர்களாமே, ஏன்? கிளி அதைத் தமிழில் சொன்னாள்.

"எதுக்குங்க அதெல்லாம்?" அந்தத் தாயின் குரல். போன தடவை பிடித்துவைத்திருந்த மூச்சு அதில் இல்லை. தெம்பாக இருந்தது. "பார்வைதான் வந்துடுமே. கொஞ்ச நாளைக்காக எம்பொண்ண எதுக்குத் தனியா உக்காத்தி வெக்கணும்? நாலு பிள்ளைங்க கேலி பண்ணும். நீங்கதானே சொன்னீங்க, திரும்பி வரும்னு."

கிளி அதை ஒரு சொல் விடாமல் மருத்துவரின் மொழிக்கு மாற்றினாள். நீங்கள்தானே சொன்னீர்கள். அதையும் அவள் நாக்குதான் சொன்னது.

மருத்துவர் தாள்களைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு, "நான் அப்படிச் சொல்லவில்லை. நான் சொன்னதைக் கேட்டு நீங்கள் அழுதீர்கள். நான் உங்கள் தோளைத் தொட்டேன். புரிந்துகொண்டீர்கள் என்று நினைத்தேன்" என்றார்.

தமிழில் சொன்னாள்.

"ஆமா, அழுதேன். சந்தோஷத்துல அழுதேன்."

அதையும் சொன்னாள். சந்தோஷத்தில் அழுதேன். நடுவில் 'நான்' என்று சொல்ல அவளுக்கு உரிமை கிடையாது. வருகிற 'நான்' எல்லாம் அடுத்தவருடையது. ஆனால் அந்தத் தாய் அதற்குள், "போன தடவ பேசுன அம்மாதானே நீங்க? குரல் தெரியுது எனக்கு. நீங்களே சொல்லுங்க டாக்டர்கிட்ட. தினம் காலைல எந்திரிச்சதும் எம்பொண்ணு நல்ல கண்ணப் பொத்திக்கிட்டு மத்தக் கண்ணால பாக்கறா. நேத்து ஜன்னல் வெளிச்சம் தெரியுதுன்னா. கொஞ்சம் கொஞ்சமா வருது. சொல்லுங்க" என்றாள்.

சொன்னாள். ஜன்னல் வெளிச்சத்தையும் விடவில்லை. பிறகு, தன் பேரில் பேசுவதற்குப் பயிற்சியில் கற்றுக்கொடுத்திருந்த ஒரே ஒரு வாசலைத் திறந்தாள். "மொழிபெயர்ப்பாளர் பேசுகிறேன்" என்று முதலில் மருத்துவரிடமும், அப்புறம் தமிழிலும் தொடங்கினாள். "மொழிபெயர்ப்பாளர் பேசறேம்மா. அன்னிக்கு டாக்டர் சொன்னத நான் சொல்லிட்டிருக்கும்போதே எங்க வீட்ல கரண்ட் போயிடுச்சு. கடைசி வார்த்தை உங்களுக்கு வந்து சேரல. நீங்க கேட்டது பாதிதான்."

அப்போதுதான், கேலி செய்வது போல, மேலே விளக்கு அணைந்தது. பக்கத்து அறையில் டிவி நின்றது. "கரண்ட் போச்சு!" என்று மாமனார் யாரிடமோ முறையிட்டார். மேசைக்கடியில் பெட்டி கீச், கீச் என்று அடிக்க ஆரம்பித்தது. திரை அணையவில்லை. ஹெட்போனில் மருத்துவமனை அறை அப்படியே இருந்தது; தண்ணீர்க் குழாய் சொட்டுவதுகூடக் கேட்டது. தன் மனதின் ஏதோ ஒரு மூலை லைன் போய்விடாதா என்று எதிர்பார்த்ததை அவள் அப்போதுதான் அறிந்தாள். போகவில்லை. நெட் பெட்டியின் விளக்குகள் ஒன்றுவிடாமல் பச்சையாக எரிந்தன.

மருத்துவர் மெதுவாக, அன்றைக்குச் சொன்னதையே மறுபடி சொன்னார். வலது கண் நன்றாக இருக்கிறது, அதைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதையும் கூடவே சொன்னார். கிளி கேட்டுக்கொண்டாள். அத்தனை நாள் கட்டிக் கட்டிப் பார்த்த வாக்கியங்களில் ஒன்றுகூட அந்த நேரத்துக்கு உதவவில்லை.

"வராதும்மா" என்றாள். "இடது கண்ணுல பார்வை திரும்பி வராது. வலது கண்ணு நல்லா இருக்கு. அதப் பத்திரமாப் பாத்துக்கணும்."

அந்த 'அம்மா' மருத்துவர் சொல்லாதது. கூட்டக் கூடாது என்ற விதியை அவள் மீறியது அந்த ஒரு சொல்லில்தான்.

அந்தத் தாய் கேட்டாள். "அது என்ன சத்தம், கீச்சு கீச்சுன்னு?"

விதிப்படி அதையும் மருத்துவரிடம் சொல்லிவிட்டு, "இங்க கரண்ட் இல்லம்மா. பேட்டரில ஓடுது" என்றாள்.

"அப்ப மறுபடி கட்டாயிடுமா?"

"ஆகாது. நான் இருக்கேன்."

"சரி" என்றாள் அந்தத் தாய். "இருங்க."

அதற்கப்புறம் அவள் எதுவும் பேசவில்லை. அழவுமில்லை. மருத்துவர் பேனாவை மேசையில் வைத்த சத்தம் கேட்டது. கிளி காத்திருந்தாள். கதவைத் திறந்து கணவன் எட்டிப் பார்த்தான். மழைக்கு வேலையை நிறுத்திவிட்டு வந்திருக்க வேண்டும், தோளெல்லாம் ஈரம். பெட்டி வேலை செய்கிறதா என்று கண்ணாலேயே கேட்டான். அவள் தலையசைத்தாள். அவள் முகத்தைப் பார்த்தவன், மேற்கொண்டு எதுவும் கேட்காமல், வாசற்படியிலேயே சத்தமில்லாமல் உட்கார்ந்துகொண்டான்.

அப்போது அந்த அறையின் கோடியிலிருந்து, இதுவரை கேட்காத ஒரு சின்னக் குரல் வந்தது. முகத்தைப் பாதி கையால் பொத்திக்கொண்டு பேசுவது போல, விளையாட்டும் பெருமையுமாக.

"அம்மா, இங்க பாரேன். இப்பக் கதவு தெரியுது எனக்கு."

மருத்துவர் தலையைத் திருப்பியிருக்க வேண்டும். "குழந்தை என்ன சொல்கிறாள்?" என்று தன் மொழியில் கேட்டார். அறைக்குள் ஒலிக்கிற எதையும் விட்டுவிடக் கூடாது. திரையின் வெளிச்சம் மட்டும் இருந்த மழை இருட்டில் கிளி வாயைத் திறந்தாள். "எனக்கு இப்போது கதவு தெரிகிறது" என்று அந்த மொழியில் சொன்னாள். சொல்லிவிட்டு, தாய், மருத்துவர் இரண்டு பேரில் யார் முதலில் பேசப்போகிறார்கள் என்று, ஹெட்போனை இரண்டு கைகளாலும் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.